கண்புரைச் சத்திரசிகிச்சை: போகும் முன்னும் வீடு திரும்பிய பின்னும்

கண்புரைச் சத்திரசிகிச்சை பெரும்பாலும் 20 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அந்த 20 நிமிடமும் நோயாளி அசையாமல் படுத்திருந்தால் போதும், மற்றதை வைத்தியர் பார்த்துக்கொள்வார். அதற்கு முந்திய இரண்டு மூன்று கிழமையும் பிந்திய நாலு கிழமையும்தான் குடும்பத்தின் பொறுப்பு. சீனியைக் கட்டுப்படுத்தாமல் போவது, சொட்டு மருந்தை இடையில் விடுவது, சிவந்த கண்ணோடு நாலு நாள் பொறுத்திருப்பது என்று நன்றாக முடிந்த சத்திரசிகிச்சையும் பாழாகும் வழிகள் அந்த நாட்களில்தான் இருக்கின்றன.

மன்னார்த் தீவில் உப்புக்குளத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கவனம் கூடுதலாகத் தேவை. தீவின் காற்றில் மணலும் உப்பும் எப்போதும் உண்டு. கண் சத்திரசிகிச்சை நிபுணரைப் பார்க்கச் சில வேளைகளில் பாலம் தாண்டி வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகவேண்டி வரும். இரவு பத்து மணிக்குக் கண் வலி தொடங்கினால் அந்தத் தூரம் மிகப் பெரிது. வாப்பாவையோ ஐயாவையோ அம்மம்மாவையோ கூட்டிப்போகும் மகனுக்கும் மகளுக்கும் மருமகளுக்கும் என்றே இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன்.

## இது புரைதானா?

கண்ணுக்குள் இருக்கும் இயற்கை வில்லை வயதோடு கலங்குவதே புரை. வலிக்காது, சிவக்காது. அதனால்தான் வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்:

1. வலை பொத்தும்போது கண்ணியைக் கண்ணால் பார்க்காமல் விரலால் தடவித் தேடுகிறாரா?
2. எதிரே வரும் வாகனத்தின் விளக்கு சிதறி, பூப்போல விரிந்து தெரிகிறது என்கிறாரா?
3. வெயிலில் பார்வை குறைந்து, மாலை மங்கலில் கொஞ்சம் நன்றாக இருக்கிறது என்கிறாரா?
4. ஒரு கண்ணை மூடிச் சுவர்க் கலண்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மற்றக் கண்ணை மூடுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறதா? இரு கண்ணாலும் பார்த்துப் பழகியவருக்கு ஒரு கண் போனதே தெரியாமல் இருக்கும்.

ஏமாற்றும் அறிகுறி ஒன்றும் உண்டு. நாலைந்து வருடமாகக் கண்ணாடி போட்டு வாசித்தவர் திடீரென்று கண்ணாடி இல்லாமலே பத்திரிகை வாசிப்பார். கண் திருந்திவிட்டது என்று வீடே சந்தோஷப்படும். உண்மையில், புரையால் வில்லையின் நடுப்பகுதி இறுகும்போது கிட்டப்பார்வை தற்காலிகமாகக் கூடும். அதே நேரம் தூரப்பார்வை மங்கிக்கொண்டு போகும். இப்படி நடந்தால் உடனே கிளினிக்கில் பதியுங்கள்.

செய்யக்கூடாதவை: நந்தியாவட்டைச் சாறு, தேன், தாய்ப்பால், ஆமணக்கெண்ணெய் எதையும் கண்ணில் விடவேண்டாம். கலங்கிய வில்லையைத் தெளியவைக்கும் சொட்டு மருந்து இன்றுவரை இல்லை. அப்படி ஒன்றை விற்பவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

"நன்றாக முற்றட்டும், பிறகு எடுப்போம்" என்ற பழைய பேச்சையும் விடுங்கள். அது அந்தக் காலத்து முறைக்குப் பொருந்தியது. இப்போது அளவுக்கு மீறி முற்றிய புரையை எடுப்பதுதான் கடினம். அது கண்ணுக்குள் வீங்கி அமுக்கத்தைக் கூட்டி, ஒரே இரவில் கடும் வலியோடு பார்வையைப் பறித்துவிடவும் கூடும். அன்றாட வேலைக்குப் பார்வை இடைஞ்சலாக இருக்கிறது என்றால் அதுவே எடுக்கும் நேரம்.

## பதிவதற்கு

1. மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போய்க் கண் கிளினிக் நாளையும், நிபுணர் இப்போது கடமையில் இருக்கிறாரா என்பதையும் கேளுங்கள். வைத்தியர் இடமாற்றங்களால் இது மாறும். பக்கத்து வீட்டார் போன வருடம் சொன்னதை நம்பிப் போகவேண்டாம்.
2. வேறிடத்துக்கு அனுப்பினால் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கு A32 வீதியில் பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம் வழியாகப் போகலாம். வவுனியாவும் அநுராதபுரமும் மற்ற வழிகள். விழித்திரை, விழிவெண்படலம் போன்ற சிக்கலான பிரச்சினைகளுக்குக் கொழும்பில் தேசிய கண் வைத்தியசாலை இருக்கிறது.
3. அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. ஆனாலும் வில்லையோ சொட்டு மருந்தோ வெளியே வாங்கவேண்டி வருமா என்று முதல் நாளே கேளுங்கள். 2022 பொருளாதார நெருக்கடியின்போது மருந்தும் சத்திரசிகிச்சைப் பொருட்களும் தட்டுப்பட்டன. அதன் பின் வைத்தியர்கள் பலரும் நாட்டை விட்டுப் போனார்கள். காத்திருப்போர் வரிசை நீளும் இடங்களில் காரணம் இதுதான், தாதியரோடு சண்டை பிடிப்பதால் வரிசை குறையாது.
4. தந்த திகதியை வீட்டில் இரண்டு பேராவது குறித்துவையுங்கள். திகதியைத் தவறவிட்டால் வரிசையின் கடைசிக்குப் போகவேண்டி வரலாம்.

ஊருக்கு இலவசக் கண் முகாம் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: சத்திரசிகிச்சை எந்த வைத்தியசாலையில் நடக்கும்? மறுநாளும் அடுத்த கிழமையும் யார் பார்ப்பார்கள்? இரவில் கண் வலித்தால் எந்த இலக்கத்துக்கு அழைப்பது? மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைத்தால் போகலாம். கிடைக்காவிட்டால் பொறுத்திருப்பது நல்லது.

## எந்த முறை, எந்த வில்லை

கண்ணுக்குள் செயற்கை வில்லையை முதலில் வைத்தவர் ஹரோல்ட் ரிட்லி, 1949 நவம்பரில், இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில். போர் விமானிகளின் கண்ணில் தெறித்த விமானக் கண்ணாடிப் பிளாஸ்டிக் துண்டுகள் கண்ணுக்குள் ஒவ்வாமை இல்லாமல் கிடந்ததை அவர் கவனித்திருந்தார். 1967இல் நியூயோர்க்கில் சார்ள்ஸ் கெல்மன், பல் வைத்தியர் பாவிக்கும் அதிர்வுக் கருவியைக் கண்டு, கலங்கிய வில்லையை உள்ளேயே உடைத்து உறிஞ்சும் ஃபேக்கோ முறையை உருவாக்கினார். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1976இல் 11 கட்டிலோடு தொடங்கியது. 1992இல் அதன் ஒரோலாப் நிறுவனம் வில்லைகளைக் குறைந்த விலையில் செய்யத் தொடங்கிய பின், ஏழைக்கும் வில்லை எட்டியது. வரலாறு இவ்வளவு போதும்.

உங்களிடம் கேட்கப்படக்கூடிய தெரிவுகள்:

ஃபேக்கோ. 3 மில்லிமீற்றருக்கும் குறைந்த வெட்டு. மடித்த வில்லை உள்ளே போய் விரியும். பொதுவாகத் தையல் இல்லை, கண் சீக்கிரம் ஆறும்.

சிறு வெட்டு முறை. 6, 7 மில்லிமீற்றர் வெட்டு. இதற்கும் பெரும்பாலும் தையல் தேவைப்படாது. மிகவும் முற்றி இறுகிய புரைக்கு இது நல்ல முறை. இதைச் சொன்னால் இரண்டாம் தரம் என்று நினைக்காதீர்கள். தெற்காசியாவில் ஏராளமானோர் இம்முறையால் நல்ல பார்வை பெற்றிருக்கிறார்கள்.

லேசர். வெட்டையும் உடைப்பின் ஒரு பகுதியையும் ஃபெம்டோசெக்கன்ட் லேசர் செய்யும், மிச்சத்தை வைத்தியர்தான் செய்வார். 2020இல் பிரான்சில் வெளியான பெரிய ஒப்பீட்டு ஆய்வில், சாதாரணப் புரைக்கு இது ஃபேக்கோவை விட மேலான பலன் தரவில்லை. லேசருக்காக நகையை அடகு வைக்கவேண்டாம் என்பது என் திடமான கருத்து.

வில்லை விஷயத்தில் நீங்களே யோசித்துப் பதில் சொல்லவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. சாதாரண வில்லை ஒரே தூரத்துக்குத்தான் கூர்மை தரும். பெரும்பாலும் தூரப்பார்வைக்கு வைப்பார்கள், வாசிக்கக் கண்ணாடி போடவேண்டும். பல தூர வில்லை தூரம், கிட்டம் இரண்டையும் தரும், விலையும் கூட. ஆனால் இரவில் விளக்கைச் சுற்றி வளையங்கள் தெரியலாம். இரவில் கடலுக்குப் போகிறவருக்கு எதிரே வரும் படகின் வெளிச்சமும் கரை விளக்கும் வளையமாகக் கலங்குவது சிறிய தொந்தரவில்லை, உயிர் விஷயம். அவருக்குச் சாதாரண வில்லையே பொருத்தம். நாள் முழுவதும் வீட்டிலிருந்து வலை பொத்துகிறவர், தையல் தைக்கிறவர், குர்ஆனோ வேதாகமமோ ஓதுகிறவர் கிட்டப்பார்வைக்கு வில்லை வைக்கலாமா என்று கேட்கலாம். வைத்தியருக்கு உங்கள் வாப்பாவின் தொழில் தானாகத் தெரியாது. கண்ணின் அளவு எடுக்கும் நாளிலேயே அதைச் சொல்லுங்கள்.

## காலத்தைத் தெரிவுசெய்தல்

திகதியைத் தெரிவுசெய்ய இடம் இருந்தால், சோழகக் காற்று உரக்க வீசும் மாதங்களைத் தவிருங்கள். மே தொடங்கி செப்டெம்பர் வரை மணல் பறக்கும். வாடை மழையில் வெள்ளம் நிற்கும் நாட்களும் நல்லதல்ல, மறுபரிசோதனைக்குப் போகும் வழி தடைப்படும். ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்கு நடந்து போகிறவர்கள் அதற்கு முந்திய நாலு கிழமையில் கண்ணில் கைவைக்காமல் இருப்பது நல்லது. புழுதியும் நெரிசலும் புதுக் கண்ணுக்கு ஆகாது.

வேறு திகதி கிடைக்காது என்றால் கிடைத்த திகதியில் போங்கள். காற்றை ஒரு கறுப்புக் கண்ணாடியால் சமாளிக்கலாம், கைவிட்டுப் போன இடத்தைப் பிடிப்பது கடினம்.

## முந்திய இரண்டு கிழமை

1. எல்லாக் குளுசையையும் ஒரு பையில் போடுங்கள். பெட்டியோடு, சீட்டோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.
2. சலம் போவதற்கு டாம்சுலோசின் எடுக்கிறாரா? முன்பு எடுத்து நிறுத்தியிருந்தாலும் சொல்லுங்கள். அது கண்மணியைச் சுற்றியுள்ள திரையைத் தளர்த்திவிடும். முன்கூட்டித் தெரிந்தால் வைத்தியர் அதற்குத் தயாராக இருப்பார். வெட்கத்தில் ஆண்கள் மறைக்கும் குளுசை இது, மகனே கேட்டுச் சொல்லவேண்டும்.
3. இரத்தம் உறையாதிருக்க எடுக்கும் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். அஸ்பிரின், குளோப்பிடோகிரெல், வார்ஃபரின் மூன்றும் இதில் அடங்கும். கண்ணுக்குப் பயந்து நிறுத்தி மாரடைப்பை வரவழைக்கவேண்டாம்.
4. சீனியையும் பிரஷரையும் பாருங்கள். சீனி கட்டுக்குள் இல்லாவிட்டால் தொற்று வரும் வாய்ப்பு கூடும், திகதியையும் தள்ளிப்போடுவார்கள். இரண்டு கிழமைக்கு முன்பே பரிசோதித்தால் திருத்த நேரம் இருக்கும். அன்று காலையில் இன்சுலினும் சீனிக் குளுசையும் எடுப்பதா விடுவதா என்பதை எழுதி வாங்குங்கள்.
5. கண் இமையில் அழுக்கு, பீளை, கட்டி, சொத்தைப் பல்லில் சீழ், காலில் புண் இருந்தால் சொல்லுங்கள். முதலில் அவை ஆறவேண்டும்.
6. மல்லாந்து படுத்துப் பழகுங்கள். ஒரு தட்டையான தலையணையில் அரை மணி நேரம் அசையாமல் படுக்க முடிகிறதா? இருமல், இழுப்பு, முதுகு வலி இருந்தால் வைத்தியருக்கு முன்பே தெரியவேண்டும்.
7. சுர்மா, கண்மை இரண்டையும் நிறுத்துங்கள். முதல் நாள் தலை முழுகி, முகத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

## அன்றைய நாள்

பொத்தான் வைத்த சேர்ட் அல்லது முன்பக்கம் திறக்கும் சட்டை உடுத்துங்கள். திரும்பி வந்து தலைவழியாகக் கழற்றும் உடுப்பு வேண்டாம். நகையை வீட்டில் வைத்துவிட்டு, அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, மருந்துப் பை, கறுப்புக் கண்ணாடி, சுத்தமான துவாய் ஒன்று, தண்ணீர் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.

1. பெயரையும் எந்தக் கண் என்பதையும் நாலைந்து பேர் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். கோபப்படாமல் ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லச் சொல்லுங்கள். தவறான கண்ணைத் தொடாமல் காக்கும் வேலி அதுதான்.
2. கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். பார்வை மங்கும், பயப்படவேண்டாம்.
3. விறைப்பு மருந்தைச் சொட்டாகவோ கண்ணின் ஓரத்தில் ஊசியாகவோ தருவார்கள். நோயாளி விழித்திருப்பார்.
4. முகத்தை மூடும் முன், பேசும் மொழி எது என்று சொல்லிவிடுங்கள். அநுராதபுரத்திலோ கொழும்பிலோ தமிழ் தெரிந்த தாதி அந்த நேரம் பக்கத்தில் இல்லாமல் போகலாம். "இருமல் வந்தால் கையை அழுத்துவார்" என்று ஒரு சைகையைப் பேசிவைத்துக்கொள்ளுங்கள். தலையை ஆட்டிச் சைகை காட்டவே கூடாது.
5. முடிந்ததும் வில்லையின் விபரம் அச்சிட்ட ஒட்டியைக் கிளினிக் கொப்பியில் ஒட்டித் தருவார்கள். ஒட்டவில்லை என்றால் கேளுங்கள். பத்து வருடம் கழித்தும் அது தேவைப்படலாம்.

தங்குமிடம்: மறுநாள் காலை கட்டுப் பிரித்துப் பார்ப்பது முக்கியமான பரிசோதனை. யாழ்ப்பாணத்தில் செய்து அன்றே வீட்டுக்கு விட்டால், இரவோடிரவாக மன்னார் பஸ்ஸில் ஏறி, விடிய முன் மறுபடி போக முயலவேண்டாம். ஒரு இரவு சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். திரும்பும் பயணத்தில் யன்னல் கரையில் இருத்தவேண்டாம்.

## சொட்டு மருந்து விடும் முறை

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் படித்தால் இதைப் படியுங்கள். கண்ணுக்குள் தொற்று ஏற்படுவது ஆயிரத்தில் ஒருவர் அளவில்தான். ஆனால் வந்தால் பார்வையே போகலாம். சத்திரசிகிச்சையின் முடிவில் கண்ணுக்குள் நுண்ணுயிர்க்கொல்லி விடும் வழக்கம் பெரிய முன்னேற்றம். 2007இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் அது தொற்றை ஏறக்குறைய ஐந்தில் ஒன்றாகக் குறைத்தது. அதற்குப் பிறகு வீட்டில் இருக்கும் காவல் உங்கள் கை.

1. கையைச் சவர்க்காரம் போட்டு, விரல் இடுக்கு வரை கழுவி, காயவிடுங்கள். மீன் வெட்டிய கை, கருவாடு கிளறிய கை என்றால் இரண்டு முறை கழுவுங்கள்.
2. போத்தலின் பெயரைச் சீட்டோடு ஒப்பிடுங்கள். காலாவதித் திகதியைப் பாருங்கள். முதல் முறை திறக்கும்போது மூடியின் முத்திரை உடையாமல் இருக்கவேண்டும். திறந்த திகதியைப் போத்தலிலேயே எழுதுங்கள்.
3. பால்போல வெள்ளையாக இருக்கும் ஸ்டீராய்ட் மருந்தை ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்குங்கள். குலுக்காவிட்டால் மருந்து அடியில் தங்கி, மேலே உள்ள நீர்தான் கண்ணில் விழும்.
4. நோயாளியைப் படுக்கவைத்து, மேலே பார்க்கச் சொல்லுங்கள். கீழ் இமையை மட்டும் மெல்ல இழுத்து, அந்தப் பையில் ஒரு துளி விடுங்கள். போத்தலின் நுனி இமையையோ மயிரையோ தொடக்கூடாது. மேல் இமையை அழுத்தவே வேண்டாம்.
5. கண்ணை மெதுவாக மூடச் சொல்லுங்கள், இறுக்கி மூடினால் மருந்து வெளியே வழியும். மூக்குப் பக்க மூலையை விரலால் ஒரு நிமிடம் மெல்ல அழுத்திப் பிடித்தால் மருந்து தொண்டைக்கு இறங்காது.
6. அடுத்த மருந்துக்கு 5 நிமிடம் இடைவெளி விடுங்கள். உடனே விட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும்.
7. வழிந்ததைச் சுத்தமான பஞ்சால் கன்னத்தில் துடையுங்கள். சாரத்தின் நுனி, சேலைத் தலைப்பு வேண்டாம்.

ஒரு மருந்தை மெல்ல மெல்லக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள்: முதல் கிழமை இத்தனை முறை, அடுத்த கிழமை இத்தனை முறை என்று. கண் தெளிந்துவிட்டது என்று பத்தாம் நாள் நிறுத்துவது அடிக்கடி நடக்கும் பிழை. உள்ளே அழற்சி திரும்பும். மாறாக, மிச்சம் இருக்கிறதே என்று மாதக்கணக்கில் ஸ்டீராய்ட் விடுவதும் கண்ணின் அமுக்கத்தைக் கூட்டும். சுவரில் ஒரு கடதாசி ஒட்டி, விட்டவுடன் கோடு போடுங்கள். திறந்து ஒரு மாதமான போத்தலை எறியுங்கள். பக்கத்து வீட்டுக் கிழவிக்குக் கடன் கொடுக்காதீர்கள்.

மருந்திலேயே குறை இருக்கவும் கூடும். 2023 ஏப்ரலில் நுவரெலியாவில் புரை எடுத்த சிலருக்கு, பின்னர் விட்ட ஸ்டீராய்ட் சொட்டு மருந்தினால் கண் பாதிக்கப்பட்டது. அந்த மருந்து பாவனையிலிருந்து விலக்கப்பட்டது. இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. புதிய போத்தல் தொடங்கிய பின் கண் சிவந்தாலோ வலித்தாலோ, போத்தலை எறியாமல் அதையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். வெளியே வாங்குவதென்றால் பதிவுபெற்ற பாமசியில் வாங்கி, பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

## முதல் நாலு கிழமை

கவனிப்பவரின் கணக்குக்காகத் தருகிறேன். உங்கள் வைத்தியர் வேறு விதமாகச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

- முதல் கிழமை: தூங்கும்போது கண் கவசம். செய்த கண்பக்கம் சரிந்து படுக்கவேண்டாம். கண்ணைக் கசக்கக்கூடாது. முகத்தில் தண்ணீர் அள்ளி ஊற்றாமல், ஈரத்துணியால் மற்றப் பகுதியை மட்டும் துடையுங்கள். தலையைப் பின்னால் சாய்த்து, தலைமயிரை வேறொருவர் கழுவிவிடலாம்.
- தொழுகை: சுஜூது செய்யத் தலை கீழே போவதால், வைத்தியர் சரி என்று சொல்லும் வரை கதிரையில் இருந்து தொழலாம். வுழூ செய்யும்போது கண்ணுக்குத் தண்ணீர் படாமல் எப்படிச் செய்வது என்பதை மௌலவியிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். நோன்பு மாதமாக இருந்தாலும் சொட்டு மருந்தை நிறுத்தவேண்டாம். கண்ணில் விடும் மருந்து நோன்பை முறிக்காது என்பதே பல மார்க்க அறிஞர்களின் கருத்து.
- சமையல்: விறகுப் புகையும் மிளகாய் வறுக்கும் நெடியும் இரண்டு கிழமைக்கு ஆகாது. அம்மா அடுப்படிக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது வீட்டில் உள்ள மற்றவர்களின் வேலை. சொல்லிவிட்டு விட்டால் அவர் போய்விடுவார்.
- வேலை: வலை இழுப்பது, ஐஸ் பெட்டி தூக்குவது, உப்பு அள்ளுவது, மீன்வாடி வேலை எல்லாவற்றுக்கும் நாலு கிழமை ஓய்வு. மலச்சிக்கலால் முக்குவதும் பாரம் தூக்குவது போலத்தான். பழமும் கீரையும் கொடுங்கள்.
- கடல்: கடலிலோ கிணற்றடியிலோ தலை முழுகுவது நாலு கிழமைக்கு இல்லை. சங்குக்கும் கடலட்டைக்கும் சுழியோடுகிறவர்கள் இன்னும் பொறுக்கவேண்டும். ஆழத்தில் முகமூடிக்குள் ஏற்படும் அமுக்கம் ஆறாத வெட்டுக்கு ஆபத்து. குறைந்தது இரண்டு மூன்று மாதம், அதுவும் வைத்தியரிடம் "சுழியோடுகிறேன்" என்று சொல்லி அனுமதி பெற்ற பிறகு.
- வெளியே: பக்கமும் மூடிய கறுப்புக் கண்ணாடி. தொப்பியும் இருந்தால் நல்லது. ஓட்டோவிலும் மோட்டார் சைக்கிளிலும் கண்ணாடியைக் கழற்றவேண்டாம்.

## உடனே போகவேண்டிய அறிகுறிகள்

முதல் ஓரிரு நாள் லேசான உறுத்தலும் நீர் வடிதலும் வழமை. கீழ்க்கண்டவை வழமையல்ல:

1. வலி நாளுக்கு நாள் கூடுகிறது.
2. நேற்றுத் தெளிவாக இருந்த பார்வை இன்று மங்குகிறது.
3. சிவப்பு கூடுகிறது, சீழ் வருகிறது, இமை வீங்குகிறது.
4. தலையிடியோடு வாந்தி.
5. மின்னல் வெட்டுவது போன்ற ஒளி, திடீரெனப் பறக்கும் கறுப்புப் புள்ளிகள், ஒரு பக்கம் திரை விழுந்தாற்போல இருட்டு.

தொற்று பெரும்பாலும் முதல் கிழமையில் வரும். அதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். காலை வரை பொறுக்கவேண்டாம், திங்கட்கிழமைக் கிளினிக்குக்காகக் காத்திருக்கவேண்டாம். மன்னார் வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய் "புரை எடுத்து இத்தனை நாள்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். கிளினிக் கொப்பியும் மருந்துப் போத்தல்களும் கையில் இருக்கட்டும். அன்றே வேறு வைத்தியசாலைக்கு மாற்ற நேரலாம் என்பதால் மாற்றுடுப்பும் கொஞ்சக் காசும் எடுத்துக்கொள்ளுங்கள்.

## புரை இல்லை என்று சொன்னால்

கண்ணில் சதை. மூக்குப் பக்கமிருந்து கருவிழிமேல் படரும் சதை, வெயிலிலும் காற்றிலும் வேலை செய்யும் கடற்கரை ஆட்களுக்கு அதிகம். வெறுமனே வெட்டிவிட்டால் மீண்டும் வளரும். இப்போது அந்த இடத்தில் அதே கண்ணின் மெல்லிய தோலை எடுத்து ஒட்டுவதால் திரும்பும் வாய்ப்பு நன்றாகக் குறைந்திருக்கிறது. "தோல் ஒட்டுவீர்களா?" என்று கேளுங்கள். சிறியதாக இருந்து பார்வையைத் தொடாவிட்டால் வெட்டவே வேண்டாம், கறுப்புக் கண்ணாடி போதும்.

சீனியால் விழித்திரை பாதிப்பு. இதற்குக் கண்ணுக்குள் ஊசி போடுவார்கள். கேட்டவுடன் பலர் ஓடிவிடுகிறார்கள். விறைக்கவைத்துத்தான் போடுவார்கள், சில வினாடி வேலை. ஆனால் ஒரு ஊசியோடு முடியாது, மாதாமாதம் சில தடவை தேவைப்படலாம். இரண்டோடு நிறுத்துபவர்கள்தான் பார்வையை இழக்கிறார்கள். சீனி வருத்தம் உள்ளவர் புரை எடுப்பதற்கு முன் விழித்திரை எப்படி இருக்கிறது என்று கேட்டால், சத்திரசிகிச்சையில் எவ்வளவு பார்வை எதிர்பார்க்கலாம் என்பது முன்பே தெரியும்.

விழிவெண்படலத் தழும்பு. மீன் முள்ளோ மணலோ குத்திப் புண்ணாகி வெள்ளை விழுந்தால் வேறொருவரின் விழிவெண்படலம் தேவைப்படலாம். இதில் நம் நாடு முன்னணியில் இருக்கிறது. ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய இலங்கைக் கண் தானச் சங்கம் பல நாடுகளுக்குக் கண் அனுப்பிவருகிறது. இப்போது முழுத் தடிப்பையும் மாற்றாமல், பழுதான படையை மட்டும் மாற்றும் முறைகளும் வந்துவிட்டன.

## கண்ணாடி, மற்றக் கண், பிறகு வரும் மங்கல்

கண்ணாடிக்கு நாலு முதல் ஆறு கிழமை பொறுங்கள். அதற்கு முன் அளவெடுத்தால் கண் ஆறிய பின் அளவு மாறி, காசு வீணாகும்.

மற்றக் கண்ணை அதே நாளில் செய்யச் சொல்லி வற்புறுத்தவேண்டாம். முதற்கண் ஆறிய பின் சில கிழமை கழித்துச் செய்வதே நம் நிலைமைக்குப் பாதுகாப்பு. அதேவேளை, ஒரு கண் தெரிகிறதே போதும் என்று வருடக்கணக்கில் விட்டுவிடவும் வேண்டாம். படகில் ஏறி இறங்கும்போது படியின் ஆழத்தைக் கணிக்க இரண்டு கண்ணும் தேவை.

சில மாதமோ வருடமோ கழித்துப் பார்வை மறுபடி புகைபோல மங்கினால், "புரை திரும்பிவிட்டது" என்று சொல்வார்கள். எடுத்த புரை திரும்புவதில்லை. வில்லையைத் தாங்கும் பின்புறச் சவ்வு தடித்திருக்கும். அதில் யாக் லேசரால் சிறு வழி திறப்பார்கள். வெட்டு இல்லை, இருந்தபடியே சில நிமிடத்தில் முடியும், அன்றே வீட்டுக்கு வரலாம். வில்லையின் விபரம் ஒட்டியிருக்கும் அந்தக் கிளினிக் கொப்பியை அன்றும் எடுத்துச் செல்லுங்கள்.